சக்கரப் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நம் வீடுகளில், காருக்குச் சக்கரம் வாங்கும்போது ஒரு பொருத்தமாவது பார்ப்பவர் உண்டா? "பார்வைக்கு லட்சணமாக இருக்கிறது, விலையும் மலிவு" என்றால் போதும், உடனே முடித்துவிடுகிறோம். அப்புறம் வாழ்க்கை பூராவும் உரசல்தான்!

இது என் சொந்தச் சரக்கு அல்ல. புதுப்பேட்டையில் முப்பது வருஷமாகப் பழைய வீல் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் சொன்னது. அவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதையையும், போன இடத்தில் கற்றுக்கொண்ட பாடத்தையும் சொல்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும், இனி வாங்கப் போகிறவர்களுக்கும், கார் பித்துப் பிடித்த பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் இது உபயோகப்படும்.

என் அக்காள் மகனுக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகிறது. கையில் நாலு காசு சேர்ந்ததும் பையன் பழைய ஸ்விப்ட் கார் ஒன்றை வாங்கிவிட்டான். அதில் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் வாங்கிய மறு வாரமே அவனுக்கு வண்டியின் சக்கரங்கள் பிடிக்காமல் போய்விட்டன. "சோனியாக இருக்கிறது மாமா! அகலமாக அலாய் வீல் போட்டால் வண்டிக்கே ஒரு கம்பீரம் வந்துவிடும்" என்றான்.

அக்காள் எனக்குப் போன் செய்தாள். "நீயும் கூடப் போய்ட்டு வாடா. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வண்டியிலேதான் அம்மாவை அழைச்சுண்டு எல்லாரும் திருத்தணிக்குப் போறோம். மலை ஏறணும். அவன் பாட்டுக்கு எதையாவது மாட்டி வைக்கப் போறான்" என்றாள்.

அம்மாவுக்கு எண்பது வயசு. மலைப் பாதை. பின் ஸீட்டில் மூன்று பேர், போதாததற்குப் புளியோதரைத் தூக்கு. நான் மறுபேச்சுப் பேசாமல் புறப்பட்டேன்.

பிரித்த கார்களின் பேட்டை

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போகிற தூரம்தான் புதுப்பேட்டை. ஒரு காலத்தில் ஹாரிஸ் ரோடு என்று அழைக்கப்பட்ட ஆதித்தனார் சாலையும், அதைச் சுற்றியுள்ள சந்துகளும் பழைய மோட்டார் சாமான்களுக்குப் பெயர் போனவை. கதவு ஒரு கடை, விளக்கு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, இஞ்சின் ஒரு கடை! ஒரு முழுக் காரைப் பார்க்க வேண்டுமென்றால் நாலைந்து கடை ஏறி இறங்கி, மனசுக்குள்ளேதான் ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும்.

நாங்கள் நின்ற கடையின் வாசலில் சக்கரங்கள் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருந்தன. அடியில் 15 அங்குல அம்பாஸிடர் சக்கரம். அதன் தலைமேல் 12 அங்குல மாருதி 800 சக்கரம். தாத்தாவின் தோளில் பேரன் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இரண்டு கார்களின் உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் சாலையில் ஓடுகிற மிச்ச வண்டிகளுக்குச் சக்கரம் வேண்டுமே! அதற்குத்தான் இம்மாதிரிக் கடைகள்.

இங்கே வருகிற சக்கரங்களுக்குத் தனித்தனிக் கதை உண்டு. விபத்தில் அடிபட்டு, பிரிக்கப்பட்ட வண்டியிலிருந்து வந்தவை சில. புது அலாய் வீல் மாட்டிக்கொண்டு கம்பெனி வீலைத் தள்ளிவிட்டுப் போனவர்களுடையவை பல. வாங்க வருகிறவர்களும் பல ரகம். பள்ளத்தில் இறங்கி ஒரு வீல் நெளிந்துபோன டாக்ஸிக்காரர் ஒற்றை வீலுக்கு வருகிறார். ஸ்டெப்னி இல்லாத வண்டியை வாங்கி ஏமாந்தவர் வருகிறார். எங்கள் பையனைப் போன்ற கம்பீரப் பிரியர்களும் வருகிறார்கள்.

பையன் கடைக்குள் நுழைந்ததும் கறுப்பு நிறத்தில் பளபளவென்று நின்ற நாலு அகல வீல்களைக் காட்டி, "பாய், இது என்ன விலை?" என்றான்.

பெரியவர் விலை சொல்லவில்லை. "மொதல்ல என்ன வண்டின்னு சொல்லு தம்பி. அப்புறம் வெலையைப் பேசலாம்" என்றார்.

எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

முதல் பொருத்தம்: போல்ட்

"ஸ்விப்ட்" என்று பையன் சொன்னதும் அவர் ஓர் அளவுகோலை எடுத்துச் சக்கரத்தின் நாலு துவாரங்களில் எதிரெதிரான இரண்டின் நடுவே வைத்துக் காட்டினார். அந்தத் துவாரங்கள் எல்லாம் ஒரே வட்டத்தில் அமைந்திருக்கும். அந்த வட்டத்தின் குறுக்களவுதான் 'பி.ஸி.டி.' சக்கர ஜாதகத்தில் முதல் கட்டம் இதுவே.

ஸ்விப்டுக்கு நாலு போல்ட், 100 மில்லிமீட்டர். மாருதி 800-க்கும் நாலு போல்ட்தான், ஆனால் 114.3 மில்லிமீட்டர். இன்னோவாவுக்கு ஐந்து போல்ட், 114.3. பழைய வில்லிஸ் ஜீப்புக்கு ஐந்து போல்ட், 139.7. "அது என்ன, புள்ளி மூன்று, புள்ளி ஏழு?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை, 114.3 என்பது நாலரை அங்குலம், 139.7 என்பது ஐந்தரை அங்குலம். அங்குலக் கணக்கில் பிறந்தவை மில்லிமீட்டர் கணக்குக்கு மாறியிருக்கின்றன, அவ்வளவே.

"114-ஐ யாரும் 100-லே மாட்ட முடியாது ஸார். ஏறவே ஏறாது. அதனால அதிலே ஆபத்து இல்லே. ஆபத்து இதிலேதான்" என்று வேறொரு சக்கரத்தைக் காட்டினார். அது பியட் பாலியோவின் சக்கரம். நாலு போல்ட், 98 மில்லிமீட்டர். கண்ணுக்கு 100-க்கும் 98-க்கும் வித்தியாசம் தெரியாது. முக்கி முனகி மாட்டியும் விடலாம். ஆனால் நட்டுகள் குழியில் நேராக உட்காராமல் கோணலாக இறுகும். ஓட ஓட மெல்லத் தளரும். ஒரு நாள் சக்கரம் கழன்று வண்டிக்கு முன்னால் ஓடும். இரண்டே மில்லிமீட்டர், ஒரு நெல்மணியின் கனம்!

இரண்டாவதும் மூன்றாவதும்

இரண்டாவது பொருத்தம் சக்கரத்தின் நடுத் துவாரம். வண்டியின் ஹப் அதற்குள் பிடிப்பாக உட்கார வேண்டும். ஸ்விப்டின் ஹப் 54.1 மில்லிமீட்டர். ஹோண்டா ஸிட்டியின் சக்கரமும் நாலு போல்ட், 100 தான்; ஆனால் அதன் நடுத் துவாரம் 56.1. மாட்டினால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் சந்து விழும். சக்கரம் நட்ட நடுவில் நிற்காமல் இம்மியளவு ஒதுங்கினாலும், வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் கைநடுக்கம் கண்டவர்போல் ஆடும். இதற்குப் பரிகாரம் உண்டு. சந்தை அடைக்கச் சரியான அளவில் ஒரு வளையம் போட்டால் போதும்.

மூன்றாவது, நட்டு உட்காருகிற குழி. ஹோண்டாவின் கம்பெனி வீல்களில் அந்தக் குழி பந்தின் பாதியைப்போல் உருண்டையாக இருக்கும். மாருதியின் நட்டோ கூம்பு வடிவம். உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் அது ஓரத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டு நிற்கும். திருகினால் இறுகியதுபோல் பாசாங்கு செய்யும். வீலை மாற்றினால் நட்டையும் பார்க்க வேண்டும் என்பது பெரியவரின் சித்தாந்தம்.

நாலாவது: எவ்வளவு வெளியே, எவ்வளவு உள்ளே?

"இதெல்லாம் சரியா இருக்கா இல்லையா? இந்தக் கறுப்பு வீல் சேருமா சேராதா?" என்றான் பையன் பொறுமை இழந்து.

"சேரும். ஆனா மட்கார்டு சம்மதிக்கணுமே!" என்றார் பெரியவர்.

ஒவ்வொரு வீலின் உட்புறத்திலும் அகலமும் 'ஆப்செட்' என்ற ஓர் எண்ணும் பொறித்திருக்கும். சக்கரத்தின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் ஹப்போடு ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதே ஆப்செட். இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

பெரியவர் சாக்குக்கட்டியால் தரையிலேயே கணக்குப் போட்டார். 5 அங்குல அகலம், 45 ஆப்செட் உள்ள வீலைக் கழற்றிவிட்டு, 7 அங்குல அகலம், 35 ஆப்செட் வீலை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அகலம் இரண்டு அங்குலம் கூடுகிறது. அதில் பாதி வெளிப்பக்கம், பாதி உள்பக்கம். அதாவது பக்கத்துக்கு 25 மில்லிமீட்டர். ஆப்செட் 10 குறைந்ததால் எல்லாமாகச் சேர்ந்து 10 மில்லிமீட்டர் வெளியே நகரும். ஆக, வெளிப்பக்கம் 35 மில்லிமீட்டர் அதிகம். உள்பக்கம் 15 மில்லிமீட்டர் அதிகம். வெளியே மட்கார்டின் விளிம்பு, உள்ளே ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும். இரண்டுக்கும் நடுவே சக்கரம் உரலில் அகப்பட்ட உலக்கையாகத் தவிக்கும்.

டயரின் உயரமும் உண்டு. 2011-ல் வந்த ஸ்விப்டில் சாதாரண ரகத்துக்கு 165/80 ஆர் 14 டயர். உயர்ந்த ரகத்துக்கு 185/65 ஆர் 15. கணக்குப் பார்த்தால் முதலாவதன் மொத்த உயரம் 620 மில்லிமீட்டர், இரண்டாவது 621 அல்லது 622. கம்பெனிக்காரன் வீலைப் பெரிதாக்கினாலும் டயரின் பக்கச் சுவரைக் குறைத்து உயரத்தைக் காப்பாற்றிவிட்டான். பையன் ஆசைப்பட்ட டயரோ 205/65 ஆர் 15, உயரம் 647. அதைப் போட்டால் ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். போலீஸ்காரர் பிடித்தால் மீட்டரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது!

ஆனாலும் பையன் விடவில்லை. "மட்கார்டைக் கொஞ்சம் மடக்கிவிட்டால் போச்சு. எல்லாரும் செய்கிறார்கள்" என்றான்.

பெரியவர் சிரித்தார். "பின் சக்கரம் ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போ. டிங்கர்கிட்டே மாட்டிப் பாரு. ஒத்து வந்தா மிச்சம் மூணுக்கும் சேர்த்துப் பணம் குடு. வராட்டித் திரும்பக் கொண்டா" என்றார்.

டிங்கரின் விரல்கள்

அடுத்த சந்தில் டிங்கர் மேஸ்திரியின் கொட்டகை. அங்கே ஏற்கெனவே ஒரு காருக்கு மட்கார்டு மடக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதை வேடிக்கை பார்த்ததே ஒரு படிப்பு.

மட்கார்டின் வளைவுக்கு உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். தகடு அங்கேயே முடிந்துவிடாமல் உட்புறமாக ஒரு விளிம்பு மடிந்திருக்கும். அகலமான டயரை அறுப்பது அந்த விளிம்புதான். அதை மேல்நோக்கி மடித்துத் தகட்டோடு படியவைத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். சக்கரத்தைக் கழற்றி, ஹப்பில் ஓர் இரும்புக் கையை மாட்டினார் மேஸ்திரி. அதன் நுனியில் ஓர் உருளை. வெப்பக் காற்று வீசும் துப்பாக்கியால் முதலில் பெயிண்டைச் சூடாக்கினார். சூடேறிய பெயிண்ட் இளகும். ஆறிய பெயிண்ட் வெடிக்கும். பிறகு உருளையை இப்படியும் அப்படியும் உருட்டி, ஒவ்வொரு தடவையும் இம்மி இம்மியாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அவசரப்பட்டால் வெளித் தகடு புடைத்து அலையலையாக நெளிந்துவிடும். மடித்து முடித்ததும் உள்ளே ஸீலர் தடவி, அதன்மேல் பெயிண்ட்.

"இவ்வளவு நேரம் எதற்கு? விளிம்பை வெட்டி எறிந்தால் என்ன?" என்று கேட்டான் பையன்.

மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் கொட்டகையின் மூலையில் நின்ற வேறொரு காரிடம் அழைத்துப் போனார். அதன் பின் மட்கார்டை யாரோ எப்போதோ கிரைண்டரால் அறுத்திருந்தார்கள். பின்பக்கத்தில் வெளித் தகடும் உள் தகடும் அந்த விளிம்பில்தான் ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங்கால் சேர்ந்திருக்கின்றன. விளிம்பு போனதும் தையல் விட்டுப்போன சட்டைபோல் இரண்டும் பிரிந்துவிட்டன. மழைத் தண்ணீரும் சேறும் நடுவே புகுந்து, உள்ளுக்குள்ளேயே துரு தின்றிருந்தது. மேஸ்திரி கட்டை விரலால் அழுத்தினார். தகடு அப்பளமாக நொறுங்கியது.

பையன் முகத்தில் சற்றே மாறுதல்.

பிறகு எங்கள் வண்டியின் பின்புறத்தில் அந்தக் கறுப்பு வீலை மாட்டினார்கள். பார்க்க ராஜகம்பீரம்தான்; பொய் சொல்லக் கூடாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மேஸ்திரியின் இரண்டு விரல் போயிற்று. "பார்த்தீங்களா மாமா, உரசவே இல்லை!" என்று குதித்தான் பையன்.

"காலி வண்டி எப்படித் தம்பி உரசும்? ஏறி உட்காருங்க ஸார்" என்றார் மேஸ்திரி.

நான் பின் ஸீட்டில் ஏறினேன். டீ கொண்டுவந்த பையனையும், பக்கத்துக் கொட்டகை வெல்டரையும் கூப்பிட்டு ஏற்றினார். டிக்கியில் ஒரு கியர்பாக்ஸைத் தூக்கி வைத்தார். வண்டி தாழ்ந்தது. இப்போது ஒரு விரல்தான் போயிற்று. அடுத்தபடி, அந்தப் பின் சக்கரத்தை மட்டும் ஒரு மரக்கட்டைமேல் ஏற்றச் சொன்னார். மலை வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின்மேல் இப்படித்தான் பாரம் சாயும் என்றார். வண்டி கட்டைமேல் ஏறியதும் 'கர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தோம். டயரின் தோளில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு!

"விளிம்பை மடக்கினா ஏழெட்டு மில்லிமீட்டர் கிடைக்கும். உங்களுக்கு அது பத்தாது. தகட்டையே வெளியே இழுக்கணும். செய்யலாம். ஆனா டயர் மேலே வந்து இடிக்கிறது நிக்காது. நான் காசு வாங்கிட்டுச் செஞ்சு குடுத்திடுவேன். வண்டியிலே யாரு போறா?" என்று கேட்டார்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டி" என்றான்.

அவ்வளவுதான். மேஸ்திரி ஸ்பானரை எடுத்தார். கறுப்பு வீல் கழன்றது.

தட்டிப் பார்த்து வாங்கு

திரும்பிப் போனதும் பெரியவர் முகம் கோணவில்லை. ஸ்விப்டின் உயர்ந்த ரகத்திலிருந்து கழற்றிய 15 அங்குல அலாய் வீல்களையே ஒரு செட் எடுத்துப் போட்டார். போல்ட், துவாரம், குழி, ஆப்செட் எல்லாமே அந்த வண்டிக்கென்றே பிறந்தவை. விலை புதுசில் பாதிக்கும் குறைவு.

பழைய வீலைச் சோதிக்கும் விதத்தையும் அவரே சொல்லிக் கொடுத்தார். மண்பானை வாங்குவதுபோல், தொங்கவிட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். 'கணீர்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் சந்தேகம். அதோடு விடக் கூடாது. உட்புறத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, நன்றாக உலர்த்தி, சாக்குப் பொடி தூவினால் கண்ணுக்குத் தெரியாத விரிசலிலிருந்து எண்ணெய் கசிந்து கோடாகக் காட்டிக்கொடுக்கும். உட்புறத்தில் வெல்டிங் வைத்த தழும்பு இருந்தால் தொடவே தொடாதே. உள்பக்கம் மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால், எதை மறைக்க என்று கேள். வீலைச் சுழலவிட்டு ஓரத்தில் சாக்குக்கட்டியைப் பிடித்தால், நெளிசல் உள்ள இடத்தில் மட்டும் கோடு விழும். டயரோடு வாங்கினால் பக்கச் சுவரில் உள்ள நாலு எண்களைப் படி: 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது.

முடிவாக, ரசீது. வழியில் நிற்கும் வண்டியின் சக்கரத்தை இரவோடிரவாகக் கழற்றிப் போகிறவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதற்குப் பேர் போயிருந்த மீரட் நகரத்துச் சோதிகஞ்ச் சந்தையைப் போலீஸார் 2021-ல் மூடினார்கள். ரசீது கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் மலிவு கிடைத்தாலும் வேண்டாம்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. மட்கார்டை இழுத்து, சக்கரத்தை வெளியே துருத்தி ஓட்டுகிறவர்கள் தகட்டோடு மட்டும் விளையாடவில்லை.

வெள்ளிக்கிழமை திருத்தணிக்குப் போனோம். சுமார் 85 கிலோமீட்டர். மலைப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் என் காது பின் சக்கரத்தின் மேலேயே இருந்தது. ஒரு சத்தம் இல்லை. தரிசனம் முடிந்து இறங்கி வந்ததும் பையன் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்பானரை எடுத்து நாலு சக்கரத்தின் நட்டுகளையும் எதிரெதிராக ஒரு தடவை இறுக்கிப் பார்த்தான். வீல் மாற்றினால் நூறு கிலோமீட்டருக்குள் இதைச் செய்யவேண்டும் என்பது பெரியவரின் கட்டளை.

"அங்கே என்னடா பண்றே?" என்று கேட்டாள் அம்மா உள்ளேயிருந்து.

"புதுச் சக்கரம் பாட்டி. எப்படி இருக்கு?"

"சக்கரமா? மாத்தினியா என்ன? எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே!" என்றாள் அம்மா.

பையன் என்னைப் பார்த்தான். நான் புளியோதரைத் தூக்கைத் திறந்தேன்.